கை காட்டினால் நிற்கும்

சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பட்டியலுக்கு வெளியே அதை யாரும் கேட்டதில்லை. பஸ் கம்பெனியின் வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் அவள் அட்டவணையம்மா. எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எப்போது வர வேண்டும் என்று எழுதுகிறவள். அவள் ஒரு புள்ளியைத் தப்பாக வைத்தால் ஊரே வெயிலில் காயும் என்பார்கள். அது மிகை. பாதி ஊர்தான் காயும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அட்டவணை என்பது பஸ் நிலையச் சுவரில் தொங்கிய ஒரு கரும்பலகை. ஏணி போட்டு ஏறி சாக்பீஸால் எழுதுவாள். சாரல் அடித்தால் எழுத்தெல்லாம் கரைந்து வழியும். அன்றைக்கு வண்டிகளும் தங்கள் இஷ்டத்துக்குத்தான் ஓடும். ஒரு பெருமழையில் கடலோர வண்டியின் நேரம் வழிந்து மலையடி வண்டியின் நேரத்தோடு கலந்துவிட்டது என்றும், அன்று மீன் வாங்கப் போனவர்கள் எல்லாரும் விறகோடு திரும்பினார்கள் என்றும் அந்த அலுவலகத்தில் இன்றும் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள்.

பிறகு தட்டச்சு இயந்திரம் வந்தது. அதன் பின்னால் கணினி வந்தது. கணினியைக் கண்டதும் மற்ற எல்லாருக்கும் எங்கெங்கோ அவசர வேலை வந்துவிட்டது. அட்டவணையம்மா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சொல்லிக்கொடுக்க வந்தவர், இயந்திரத்துக்குப் புரியும்படி எழுதுவது எப்படி என்று விளக்கினார். எதை எழுதினாலும் அதை ஒரு டேக்குக்குள் வைக்க வேண்டும். டேக் என்றால் டப்பா மாதிரி. "இது வழித்தடம்" என்று ஒரு பெரிய டப்பாவைத் திறக்க வேண்டும், அதற்குள் "இது நிறுத்தம்" என்று ஒரு சின்ன டப்பா, அதற்குள் பெயரும் நேரமும். திறந்ததை மூடாமல் அடுத்ததைத் தொடக் கூடாது.

"கஷ்டமா இருக்காம்மா?" என்று கேட்டார் அவர்.

"இதுல என்ன கஷ்டம்? எங்க வீட்டுல இதைத்தானே சொல்லிச் சொல்லி வளர்த்தாங்க" என்றாள்.

உண்மைதான். அம்மா முகம்கூட நினைவில்லாத வயதிலிருந்து அவளை வளர்த்தது அக்கா. "திறந்த டப்பாவை மூட மாட்டியா? எறும்பு என்ன உனக்கு மாமன் மச்சானா?" என்று அக்கா ஒரு சத்தம் போட்டால் பக்கத்து வீட்டு டப்பாக்களும் தாமாக மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட குரல். அந்தக் குரலுக்குள் வளர்ந்தவளுக்கு டேக் மூடுவது பெரிய வித்தையா என்ன?

அக்கா கல்யாணமாகி ஊருக்கு வெளியே கடலோரச் சாலைக்குப் போனாள். அத்தான் அங்கே கோழிப்பண்ணை வைத்திருந்தார். வீட்டுக்கு எதிரே சாலையைத் தாண்டி ஒரு பழைய உப்புக் கிடங்கு, அதைத் தாண்டினால் கடல். வேறு வீடு கிடையாது. தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அந்த வண்டி அவள் இருந்த இடத்தில் நிற்கவும் இல்லை, அவள் ஓடிப் போய் ஏறவும் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், அவ்வளவுதான் அவள் குடித்தனம். உறவு என்று சொல்ல அக்கா ஒருத்தி.

அக்கா ஊருக்குள் வரவேண்டுமென்றால் அடுத்த நிறுத்தம் வரை வெயிலில் நடக்க வேண்டியிருந்தது. அட்டவணையம்மா அன்றைய மேலாளரிடம் போய், உப்புக் கிடங்கில் ஒரு நிறுத்தம் வேண்டும் என்று கேட்டாள். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யாரும்மா அங்க ஏறுவா? கடல்கன்னியா?"

"எங்கக்கா ஏறுவா. கடல்கன்னி வந்தா அவளும் ஏறிக்கட்டும், டிக்கெட் வாங்கினா சரி."

எப்போதும் நிறுத்த முடியாது, யாராவது சாலையோரம் நின்று கை காட்டினால் நிறுத்தலாம் என்று ஒப்புக்கொண்டார். கம்பெனியின் எல்லா வழித்தடங்களிலும் அப்படி ஒரு நிறுத்தம் அது ஒன்றுதான். அதை எழுத உட்கார்ந்தபோது அவளுக்கு ஒரு ஆசை வந்தது. மற்ற நிறுத்தங்களைப் போல அதையும் வெறும் நிறுத்தம் என்ற டேக்குக்குள் வைக்க மனம் வரவில்லை. இந்த டேக்குகளின் சங்கதி என்னவென்றால், இல்லாத ஒன்றுக்கு நாமே பெயர் வைத்து உண்டாக்கிக்கொள்ளலாம். அவள் 'கை காட்டினால்' என்று தனியாக ஒரு டேக் செய்தாள். அதற்குள் உப்புக் கிடங்கைப் பத்திரமாக வைத்து மூடினாள். அச்சில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கை படம் வரும். டிரைவர்கள் அந்தத் தாளைக் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருப்பார்கள்.

அதிலிருந்து வாரம் தவறாமல், தங்கையின் விடுமுறை நாளில் அக்கா வந்தாள். ஒரு கூடை முட்டையும் ஒரு கூடை குறையும் கொண்டு வருவாள். முட்டை தீர்ந்தாலும் குறை தீராது. மின்விசிறியில் தூசி, வாளியில் பாசி, தங்கை கழுத்தில் எலும்பு. "ஊருக்கெல்லாம் நேரம் எழுதறே, நேரத்துக்கு ஒரு வாய் திங்க மாட்டியா?" என்பாள். சாப்பாடு ஆனதும் தங்கையை ஜன்னலோரம் தரையில் உட்காரவைத்து, தான் நாற்காலியில் உட்கார்ந்து தலை வாரி விடுவாள். நரை வந்த தலையைச் சின்னப் பிள்ளைத் தலை மாதிரி இழுத்து இழுத்து வாருவாள். வலிக்கும். தங்கை ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

ரொம்பக் குறை சொன்னால், "இதோ பாரு, அதிகமாப் பேசினே, உன் ஸ்டாப்பைத் தூக்கிடுவேன்" என்பாள் தங்கை.

"தூக்குவேடி, நான் நடந்தே வந்து உன் காதைத் திருகுவேன்" என்பாள் அக்கா.

இது அவர்களுக்குள் நடக்கும் விளையாட்டு. அத்தானுக்கும் தெரியும், கீழே கண்ணாடிக் கடைக்காரருக்கும் தெரியும்.

காகிதக் காலம் முடிந்தது. டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் திரை வைத்தார்கள். அடுத்த நிறுத்தம் எது என்று அந்தத் திரையே ஒரு பெண் குரலில் சொல்லும். பயணிகள் தங்கள் கைபேசியிலேயே வண்டி எங்கே வருகிறது என்று பார்க்கலாம். ஆனால் திரைக்கும் கைபேசிக்கும் அட்டவணையம்மாவின் டப்பா பாஷை புரியாது. அவற்றுக்கு வேறு பாஷை. டேக்குகளுக்குப் பதில் நெளிநெளியாக அடைப்புக்குறிகள் போட்ட ஒன்று. எல்லாவற்றையும் மறுபடி கையால் எழுதினால் அவள் ஆயுசு போதாது. அதற்காகக் கம்பெனி ஒரு இணையச் சேவைக்குச் சந்தா கட்டியது. எங்கோ இருக்கிறது, யாரோ நடத்துகிறார்கள். பழைய கோப்பை அதன் பக்கத்தில் ஏற்ற வேண்டும், எந்த வடிவத்திலிருந்து எந்த வடிவத்துக்கு என்று தேர்ந்தெடுக்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு வட்டம் சுற்றும். சுற்றி முடிந்ததும் புதுக் கோப்பு வந்து விழும். இந்தப் பக்கம் தானியம், அந்தப் பக்கம் மாவு. ஆகவே அலுவலகத்தில் அதற்கு மில் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த மில்லுக்கு ஒரு குணம். தனக்குத் தெரிந்த டேக்குகளைத்தான் அரைக்கும். தெரியாத டேக் வந்தால் கேட்காது, கத்தாது, சத்தமில்லாமல் கீழே தள்ளிவிட்டுப் போய்விடும். 'நிறுத்தம்' என்ற டேக் அதற்குத் தெரியும். 'கை காட்டினால்' என்று ஒருத்தி தன் அக்காவுக்காக உண்டாக்கிய டேக் அதற்கு எப்படித் தெரியும்? உப்புக் கிடங்கைத் தள்ளிவிட்டு, "உங்கள் கோப்பு வெற்றிகரமாக மாற்றப்பட்டது" என்று பச்சை எழுத்தில் காட்டியது.

அட்டவணையம்மா சும்மா விடுகிறவள் இல்லை. ஒவ்வொரு வழித்தடத்திலும் முதல் நிறுத்தம், கடைசி நிறுத்தம், நடுவில் கூட்டம் ஏறும் சந்திப்புகள் எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. உப்புக் கிடங்கை மட்டும் பார்க்கத் தோன்றவில்லை. தன் கை தன்னிடம் இருக்கிறதா என்று யாராவது சரிபார்ப்பார்களா?

விதி என்று சொல்லலாம், வேறு எதுவும் சொல்லலாம். அதே வாரத்தில்தான் அக்கா வந்தபோது தங்கையின் சமையல் மேடையைத் தலைகீழாக அடுக்கினாள். பழைய ஜன்னல் திரையை "இது திரையா, கொசுவுக்குத் தொட்டிலா?" என்று கிழித்துத் துணியாக்கினாள். தங்கைக்கு அந்த வாரம் முழுக்க மில்லோடு மாரடித்த களைப்பு. சட்டென்று வாய் வந்துவிட்டது.

"வந்தாலே குறைதானா? உன் ஸ்டாப்பையே தூக்கிடறேன், நிம்மதியா இருக்கும்."

வழக்கமான சொற்கள்தான். சிரிப்பு மட்டும் இல்லை. அக்கா கூடையை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி படியிறங்கிப் போனாள்.

அடுத்த வாரம் அக்கா உப்புக் கிடங்கருகே நின்று கை காட்டினாள். வேறு டிப்போவிலிருந்து வந்த புது டிரைவர். திரையில் அப்படி ஒரு நிறுத்தம் இல்லை. வண்டி நிற்காமல் போயிற்று. அக்கா உயர்த்திய கையோடு நின்றாள். ஊரில் எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று எழுதுகிறவள் யார் என்று அவளுக்குத் தெரியும். வேறு என்ன நினைப்பாள்?

இதெல்லாம் தங்கைக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான், அக்கா வரவில்லை. கோபம், ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று நினைத்தாள். அக்காவின் கோபம் பெரியதுதான், பால் பாத்திரத்தை அடுப்பில் வைக்காமலே பொங்க வைக்கும் கோபம். ஆனாலும் சீக்கிரம் அடங்கிவிடும். இந்த முறை அடங்கவில்லை. போன் செய்தால் அத்தான் எடுத்தார்.

"அக்கா இல்லையா அத்தான்?"

"இருக்கா. ஆனா இல்ல."

"என்ன அத்தான் இப்படிச் சொல்றீங்க?"

"கோழிக்குத் தீனி வைக்கிறா. போனைக் கொடுத்தா கோழியைப் பேசச் சொல்லிடுவா. எனக்கெதுக்கும்மா வம்பு, நான் இந்த வீட்டுலதானே சாப்பிடணும்?"

விடுமுறை நாட்கள் வந்தன, போயின. கடலோர வண்டி வரும் நேரத்துக்கு ஜன்னலில் நிற்பாள். யார் யாரோ இறங்குவார்கள். கூடை வைத்த பெண் யாராவது இறங்கினால் நெஞ்சு ஒரு எட்டு முன்னால் ஓடிவிட்டுத் திரும்பி வரும். அவளுக்குத் தன் வீட்டிலேயே எதுவும் சுவைக்கவில்லை. குறை சொல்ல ஆள் இல்லாத வீட்டில் தூசி எவ்வளவு அமைதியாகப் படிகிறது! மின்விசிறியை ஒரு நாள் துடைத்தாள். துடைத்த பிறகு, அதைப் பார்த்துச் சொல்ல யாருமில்லையே என்று உட்கார்ந்துவிட்டாள். தலையைத் தானே வாரிக்கொண்டால் சீப்பு மெல்ல இறங்கியது, ஒரு இழுப்பில்லை, ஒரு வலியில்லை. அந்த வலி இல்லாததுதான் தாங்கவில்லை.

'அவளாக வரட்டும்' என்று இருந்தவள், ஒரு விடுமுறை நாளில் அதற்கு மேல் முடியாமல் கடலோர வண்டியில் ஏறிவிட்டாள். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கை. திரைக்காரி ஒவ்வொரு நிறுத்தமாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள். மீன் சந்தை சொன்னாள், வளைவுப் பாலம் சொன்னாள், அதற்கடுத்துக் கலங்கரை விளக்கம் என்றாள்.

அட்டவணையம்மா நிமிர்ந்தாள். பாலத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவில் உப்புக் கிடங்கு எங்கே? மணியை அழுத்தினாள். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"தம்பி, உப்புக் கிடங்குல நிறுத்துங்க!"

"அங்க ஸ்டாப் இல்லம்மா."

"இருக்கு. கை காட்டினா நிக்கணும்."

"திரையில இல்லாத இடத்துல கதவைத் திறந்தா ஆபீஸ்ல மணி அடிக்கும். எனக்கு மெமோ வரும்."

"யோவ், அந்த அட்டவணையை எழுதறதே நான்தான்யா!"

டிரைவர் கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்தார். "அப்படின்னா ஸ்டாப் இல்லைன்னு உங்களுக்குத்தானே முதல்ல தெரிஞ்சிருக்கணும்?" என்றார்.

அதற்குள் உப்புக் கிடங்கு வந்துவிட்டது. சாலையோரத்தில் அக்கா நின்றிருந்தாள். கையைத் தூக்கவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, வரும் வண்டியின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை ஜன்னலில் ஒட்டிக்கொண்டு கையை ஆட்டினாள். இருவர் கண்களும் சந்தித்தன. வண்டி போயே போய்விட்டது.

கலங்கரை விளக்கத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள். நடந்தாளா ஓடினாளா என்பது அவளுக்கே தெரியாது. அவள் போய்ச் சேர்ந்தபோது சாலையில் யாரும் இல்லை. அக்கா வீட்டு வாசலில் முட்டைகளைத் துடைத்து அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பார்த்தேன். ராணி மாதிரி உட்கார்ந்துக்கிட்டுப் போனே. கைகூட ஆட்டினே."

"அக்கா, வண்டி நிக்கலக்கா!"

"நிக்காதுன்னு எனக்குத் தெரியும். அது நிக்காம இருக்கிறதுக்கு யாரு காரணம்னும் தெரியும்."

தங்கை வாசல்படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க, மில்லைப் பற்றிச் சொன்னாள். வரும் வழியிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. பழைய கோப்பு, புதுக் கோப்பு, இணையச் சேவை, சுற்றுகிற வட்டம், பச்சை எழுத்து. அக்கா முட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓகோ. மில்லு முழுங்கிடுச்சு."

"ஆமாக்கா."

"பாலத்தை முழுங்கலை. கலங்கரை விளக்கத்தை முழுங்கலை, அவ்வளவு உயரம், தொண்டையில மாட்டும்னு விட்டுடுச்சு. என் ஸ்டாப்தான் அதுக்கு வெல்லக்கட்டி மாதிரி இருந்துதோ?"

உள்ளிருந்து அத்தானின் இருமல் கேட்டது. சிரிப்பை அடக்கும் இருமல்.

"உன் ஸ்டாப்பை மட்டும் நான் தனியா வெச்சிருந்தேன்க்கா. உனக்குன்னு ஒரு டேக் பண்ணி வெச்சிருந்தேன். அதனாலதான் அதுக்குத் தெரியாமப் போச்சு."

அக்காவின் கை நின்றது. ஒரு முட்டை உள்ளங்கையிலேயே இருந்தது. பிறகு குரல் வந்தது, சத்தமில்லாத குரல். சத்தத்தைவிட அது மோசம்.

"யாரு உன்னைத் தனியா வைக்கச் சொன்னா? எல்லாரையும் மாதிரி வெச்சிருந்தா நானும் எல்லாரையும் மாதிரி வந்துட்டுப் போயிருப்பேனே."

தங்கை புடவை விளிம்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள்.

"அதை விடு. இத்தனை வருஷத்துல நீ எத்தனை தடவை இங்க வந்திருக்கே?"

"நீதான் வாரா வாரம் வர்றியேக்கா..."

"ஆமா. நான்தான் வந்தேன்." அக்கா முட்டையை அடுக்கினாள். "முதல்ல வண்டி நிக்கட்டும். அப்புறம் பார்க்கலாம், யாரு வர்றாங்க யாரு போறாங்கன்னு."

அத்தான் அவளைக் கலங்கரை விளக்கம் வரை கொண்டுவந்து விட்டார். வழியில் கோழிகளைப் பற்றி மட்டுமே பேசினார். நல்ல மனுஷன்.

மறுநாள் அட்டவணையம்மா அந்த இணையச் சேவைக்கு எழுதினாள். தெரியாத டேக் வந்தால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, சத்தமில்லாமல் ஒரு மனுஷியையே தள்ளிவிட்டீர்களே என்று மரியாதையாகத்தான் கேட்டாள். உடனே பதில் வந்தது. அவர்களின் ஆவணங்களின்படி அவளுடைய கோப்பு வெற்றிகரமாக மாற்றப்பட்டிருக்கிறதாம். அவளுடைய நாள் இனியதாக அமையட்டுமாம். அவள் அந்தப் பதிலைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது. காவலாளி தன் அறையிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார், அது போதும்.

ஒரே வழிதான் இருந்தது. தனி டேக்கை எடுத்துவிட்டு, உப்புக் கிடங்கையும் மற்றவை போல வெறும் 'நிறுத்தம்' ஆக்கிவிட வேண்டும். அப்போது மில் அதை அரைத்துக் கொடுக்கும். ஆனால் வெறும் நிறுத்தம் என்றால் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி நின்றுதான் போக வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். இப்போதைய மேலாளரை அலுவலகத்தில் நிமிஷக் கஞ்சன் என்பார்கள். தும்மல் வந்தால்கூட வேலை நேரம் முடியட்டும் என்று அடக்கி வைத்துக்கொள்பவர்.

"அங்க தினமும் நிறுத்தணுமா? யாரும்மா ஏறப் போறா?"

"ஒருத்தி சார்."

"ஒருத்திக்காகவா?"

"அந்த ஒருத்தியும் ஏறுவாளான்னு தெரியல சார்."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்து அவளைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை, ஒரு விடுப்புகூட.

"டிரைவரோட டீ நேரத்துல கை வைக்காதீங்க. என் டயரைக் கழட்டிடுவான்" என்றார் கடைசியில். "மீன் சந்தையில சும்மா நிக்கிற நேரத்துல கொஞ்சம் கிள்ளிக்குங்க."

அட்டவணையம்மா கோப்பைத் திறந்தாள். அந்தச் சின்ன டேக், தான் பெற்றது போலச் செய்தது, இத்தனை காலம் அங்கேயே இருந்தது. திறப்பையும் மூடலையும் அழித்து, போகிற தடத்திலும் வருகிற தடத்திலும் 'நிறுத்தம்' என்று எழுதினாள். மில்லில் போட்டாள். வட்டம் சுற்றியது. புதுக் கோப்பில் பாலத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவில் உப்புக் கிடங்கு இருந்தது, எல்லா நிறுத்தங்களையும் போல, ஒரு வித்தியாசமும் இல்லாமல்.

விடுமுறை நாள் வந்தது. கைபேசியை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஊருக்குள் வருகிற வண்டியின் புள்ளி வரைபடத்தில் நகர்வதைப் பார்த்தாள். கலங்கரை விளக்கத்தைக் கடந்தது. உப்புக் கிடங்கில் நின்றது. அவள் எழுந்தே நின்றுவிட்டாள். அடுத்த கணமே உறைத்தது: நிற்கத்தானே செய்யும், அதை நிற்கும்படி எழுதியதே அவள்தானே! கை காட்டினால் மட்டும் நிற்கிற நாளில் அந்தப் புள்ளி நின்றிருந்தால், அக்கா ஏறிவிட்டாள் என்று அர்த்தம். இனிமேல் அங்கே வண்டி நிற்பதில் ஒரு அர்த்தமும் இல்லை.

புள்ளி கிளம்பியது. அவள் இருவருக்குச் சமைத்தாள். படியிறங்கிப் போய் நின்றாள். வண்டி வந்தது, இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், கதவு மூடிக்கொண்டது. இருவருக்குச் சமைத்ததை இரவும் அவளே சாப்பிட்டாள்.

அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும் நின்று பார்த்துவிட்டு அவள் திரும்பும்போது, டிரைவர் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். மெமோவுக்குப் பயந்த அதே டிரைவர்.

"அம்மா, அட்டவணை எழுதறது நீங்கதானே? உங்களை ஒண்ணு கேக்கணும். உப்புக் கிடங்குல ஒரு பெரியம்மா நிக்கிறாங்க. நிறுத்திக் கதவைத் திறக்கிறேன். ஏறவே மாட்டேங்கிறாங்க."

அவள் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். "பின்ன என்ன பண்றாங்க?"

"உள்ள எட்டிப் பார்க்கிறாங்க. ஒவ்வொரு சீட்டா பார்க்கிறாங்க. 'அவ வரலையா?'ன்னு என்னைக் கேக்கிறாங்க. எவளைச் சொல்றாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? 'வரலை பெரியம்மா'ன்னு சொல்லிட்டுக் கதவை மூடிடறேன்."

"ஊருக்குள்ள வர்ற வண்டியிலயா?"

"இல்லம்மா. இங்கேருந்து போற வண்டியில. வர்ற வண்டிக்கு அவங்க நிக்கிறதே இல்ல. சாலைக்கு அந்தப் பக்கமே வர மாட்டாங்க."

அட்டவணையம்மா நடைபாதையில் அப்படியே நின்றாள். அன்று அவள் போன வண்டியும் போகிற வண்டிதான். அன்றும் அக்கா போகிற வண்டி நிற்கும் பக்கம்தான் நின்றிருந்தாள், ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு தடம் எழுதி எழுதித் தேய்ந்த கை அவளுடையது. ஒரு நிறுத்தம் ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்கும்தான் என்பது அவளுக்கு மட்டும் இத்தனை வருடமாகத் தோன்றவில்லை.

"இப்ப திரும்பிப் போறீங்களா?" என்று டிரைவரிடம் கேட்டாள்.

"டீ குடிச்சுட்டுக் கிளம்பணும்."

"சீக்கிரம் குடிங்க தம்பி!"

மாடிக்கு ஓடி, அடுப்பை அணைத்து, சமைத்து வைத்ததைப் பாத்திரத்தோடு பையில் போட்டுக்கொண்டு, வாராத தலையோடு வந்து ஏறினாள். பாலம் தாண்டியதும் எழுந்து போய்க் கதவருகே கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உட்காருங்கம்மா, நிறுத்துவேன்" என்றார் டிரைவர். உட்காரவில்லை.

"அடுத்த நிறுத்தம், உப்புக் கிடங்கு" என்றாள் திரைக்காரி, மீன் சந்தையைச் சொன்ன அதே குரலில்.

கதவு திறந்தது. எட்டிப் பார்க்கத் தயாராகக் கழுத்தை நீட்டிய அக்கா, தங்கையின் முகத்துக்கு நேராக நின்றாள். முன்பைவிட இளைத்திருந்தாள். அவளுக்கும் நரை கூடியிருந்தது. விலகி வழி விட்டாள். வண்டி போயிற்று. இருவரும் சாலையோரத்தில் நின்றார்கள். அக்கா தங்கையின் தலையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், மறுபடி தலையைப் பார்த்தாள்.

"எத்தனை நாள் இருப்பே?"

"நாளைக்கு வேலை இருக்கேக்கா. சாயங்கால வண்டியில போகணும்."

"அதுவும் இங்க நிக்குமா?"

"நிக்கும்க்கா. எல்லா வண்டியும் நிக்கும்."

அக்காவின் முகம் வாடியது. பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து வீட்டைப் பார்த்து இழுத்தாள்.

"உன்னைக் கொண்டு வர்ற வண்டி நின்னா போதாதா?" என்றாள். "கொண்டு போற வண்டியையும் எதுக்குடி நிக்க வெச்சே?"